செவியில் வைத்த அமானிதம்

நம்மைத் திரைப்படத்தின் முன் உட்கார வைத்த பெருமை நம் இளைய மகளையே சாரும். அவள் உளவியலில் முதுகலை பயில்கிறாள். ஒரு நாள் இஷாத் தொழுகை முடித்து வீடு திரும்பியபோது, மடிக்கணினியை மேசைமீது விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். “வாப்பா, 99 நிமிடங்கள்தாம். நடுவில் சில இடங்கள் வரும். அவற்றை நானே தாண்டி விடுகிறேன். மற்றதை நீங்கள் பார்க்க வேண்டும்” என்றாள். என்ன படம் என்று வினவினோம். மனநோய்க்குப் பேச்சையே மருந்தாக்கிய தொடக்க காலக் கதை என்றாள். அவளுடைய உம்மா, “வாப்பாவும் மகளும் சேர்ந்து பைத்தியக்காரர் படம் பார்க்கப் போகிறீர்களாக்கும்” என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

அந்தப் படத்தின் பெயர் ‘எ டேஞ்சரஸ் மெத்தட்’. ‘ஆபத்தான ஒரு முறை’ என்று தமிழில் கூறலாம். கனடா நாட்டு இயக்குநர் டேவிட் குரோனன்பெர்க் ஆக்கியது. 2011ஆம் ஆண்டு வெளிவந்தது. ஜான் கெர் என்பார் 1993இல் எழுதிய ஆராய்ச்சி நூலை அடியொற்றிக் கிறிஸ்டோபர் ஹாம்ப்டன் ஒரு நாடகம் எழுதினார். அந்நாடகமே பின்னர்ப் படமாயிற்று. ஆகவே இது முழுக் கற்பனையன்று. வாழ்ந்து மறைந்த மாந்தரின் வரலாறு. ஆயினும் திரைக்கென்று சேர்த்தவையும் உண்டு. மகள் தாண்டிச் சென்ற பகுதிகளில் சில அவ்வகையின என்றும், எஞ்சியுள்ள ஆவணங்கள் அவற்றை அவ்வாறு உறுதிப்படுத்தவில்லை என்றும் அவளே கூறினாள். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கத்தக்க படம் இது என்று நாம் சொல்ல வரவில்லை. அந்தப் படத்தில் நம்மைத் தைத்த ஒரு முள்ளைப் பற்றியே எழுதுகிறோம்.

படம் ஒரு குதிரை வண்டியோடு தொடங்குகிறது. வண்டிக்குள் ஓர் இளம்பெண் அலறுகிறாள். இருபுறமும் ஆள்கள் அவளைப் பிடித்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்து நாட்டுச் சூரிக் நகரில் உள்ள பூர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனைக்கு அவளைக் கொண்டு வருகிறார்கள். நாள், 1904 ஆகஸ்ட் 17. பெண்ணின் பெயர் சபீனா ஷ்பீல்ரைன். உருசிய நாட்டின் டான் நதிக்கரை நகரமான ரோஸ்தோவில் செல்வ வணிகர் ஒருவரின் மகள், யூதக் குடும்பம். அப்போது அவளுக்கு 19 வயதுகூட நிறையவில்லை. அங்கே அவளை ஏற்றுக்கொண்ட மருத்துவர் கார்ல் குஸ்தாவ் யுங், வயது 29.

மறுநாள் மருத்துவர் அவளிடம் வருகிறார். ஊசியும் இல்லை, கட்டிப்போடும் கயிறும் இல்லை. ஒரு நாற்காலியில் அவளை அமரச் செய்கிறார். மற்றொரு நாற்காலியை அவளுக்குப் பின்னால் இட்டுத் தாம் அமர்கிறார். எக்காரணம் கொண்டும் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்கிறார். பிறகு, பேசு என்கிறார், அவ்வளவுதான்.

இந்த அமைப்பைக் கண்டதும் நாம் சற்றே நிமிர்ந்து உட்கார்ந்தோம். காரணத்தைப் பின்னால் கூறுகிறோம்.

கீரா நைட்லி என்னும் நடிகை அந்தப் பெண்ணாக நடித்திருக்கிறார். தாடை முன்னே துருத்திக்கொள்ள, கைகள் முறுக்கிக்கொள்ள, ஒவ்வொரு சொல்லும் தொண்டையில் முள் சிக்கியதுபோல் வெளிவருகிறது. மிகை என்று சிலர் குறை கூறினார்களாம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. வெளியே வர மறுக்கும் சொல்லோடு ஒரு குழந்தை போராடுவதைப் பார்த்தவர்களுக்கு அது மிகையாகத் தோன்றாது. அவள் சொல்லும் செய்தி, தந்தை அடித்த அடியும் அதனால் நேர்ந்த அவமானமும், அந்த அவமானத்தோடு கலந்துவிட்ட இனம் புரியாத உணர்வும் ஆகும். அதற்குமேல் விவரிக்க வேண்டுவதில்லை. ஒரு காட்சியில் இருவரும் நடந்து செல்கையில் அவளுடைய மேலங்கி மண்ணில் விழுகிறது. மருத்துவர் அதை எடுத்துத் தம் கைத்தடியால் தூசு போகத் தட்டுகிறார். அந்தத் தட்டல் ஓசையிலேயே அந்தப் பெண் நடுங்கிப் போகிறாள்.

இம்முறையைக் கண்டறிந்தவர் யுங் அல்லர். வியன்னாவில் இருந்த சிக்மண்ட் ஃபிராய்ட். அவருக்கும் முன்னோடி அவருடைய மூத்த நண்பர் யோசஃப் பிராய்யர். 1880 முதல் 1882 வரை ஒரு நோயாளிப் பெண்ணிடம் பிராய்யர் நாள்தோறும் சென்று, அவள் மனத்தில் உள்ளதைப் பேசப் பேச நோய்க்குறிகள் தணிவதைக் கண்டார். ‘பேச்சு மருத்துவம்’ என்று அதற்குப் பெயரிட்டவர் அந்தப் பெண்ணே என்பர். மருத்துவத்துக்கு நோயாளி பெயர் சூட்டிய வேறு வரலாற்றை நாம் அறியோம். பிராய்யரும் ஃபிராய்டும் சேர்ந்து 1895இல் இது பற்றிய நூலை வெளியிட்டனர். ஃபிராய்டை நேரில் கண்டிராத யுங், நூல்களைப் படித்த துணிவிலேயே சபீனாவிடம் அம்முறையைக் கையாண்டார்.

நம்முடைய கவனத்தை முற்றிலும் கவர்ந்த காட்சி ஒன்று உண்டு. யுங் ஒரு சோதனை செய்கிறார். ஒருவரின் கைகளை உலோகத் தகடுகளின்மேல் வைக்கச் சொல்லி, மெல்லிய மின்னோட்டத்தை அளக்கும் கால்வனோமீட்டர் என்ற கருவியோடு இணைக்கிறார். பிறகு ஒவ்வொரு சொல்லாக உரைக்க, கேட்பவர் மனத்தில் முதலில் தோன்றும் சொல்லை மறுமொழியாகக் கூற வேண்டும். எந்தச் சொல்லுக்குக் காலம் தாழ்கிறதோ, எங்கே முள் அசைகிறதோ, அங்கே ஏதோ மறைந்திருக்கிறது. படத்தில் அவர் சோதிப்பது தம் மனைவி எம்மாவையே. அருகிருந்து குறிப்பெடுப்பவளோ சபீனா. சோதனை முடிந்ததும், இப்பெண்மணி தம் கணவருடைய அன்பு குறைந்துவிடுமோ என அஞ்சுகிறார் என்று சபீனா கணித்துச் சொல்கிறாள். இவர் உங்கள் மனைவியா என்றும் கேட்டு விடுகிறாள்.

மகளிடம் படத்தை நிறுத்தச் சொன்னோம். “என்ன வாப்பா?” என்றாள். “இது நாம் அறிந்த சோதனை அம்மா” என்றோம்.

இப்னு ஸீனா (980–1037) தம் ‘கானூன்’ என்னும் மருத்துவப் பெருநூலில் ‘இஷ்க்’ என்ற காதல் நோயை மூளை சார்ந்த நோய்களோடு வைத்துப் பேசுகிறார். நோயாளி தான் விரும்பும் ஆளின் பெயரைச் சொல்ல மறுத்தால் மருத்துவன் அவன் நாடியில் கைவைக்க வேண்டும். பல பெயர்களையும், ஊர்களையும், தெருக்களையும், தொழில்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூறிக்கொண்டே வர வேண்டும். எப்பெயரில் நாடி தடுமாறுகிறதோ அதைப் பற்றிக்கொண்டு மேலே செல்ல வேண்டும் என்பது அவர் காட்டும் வழி. கருவிக்குப் பதில் விரல். மற்றபடி முறை ஒன்றே.

இதைச் சொன்னவுடனே, ‘எல்லாம் நம் கிதாபுகளில் முன்பே உள்ளது’ என்று மார்தட்டுவோர் கூட்டத்தில் நம்மையும் சேர்த்துவிட வேண்டா. இப்னு ஸீனாவுக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மருத்துவர் காலன், உறக்கமின்றி வாடிய ஒரு மாதின் நாடியைப் பிடித்து, பிலாடிஸ் என்னும் கூத்தனின் பெயர் கேட்டபோது அது துள்ளியதைக் கண்டு நோயின் மூலத்தை அறிந்ததாக எழுதி வைத்திருக்கிறார். அறிவு கைமாறி வரும் பொருள். யுங்கின் கைக்கு அது எவ்வழியே வந்தது என்று நாம் வாதிட வரவில்லை.

நம் மனம் சென்றது வேறிடத்துக்கு. நாம் ஓதிய காலத்தில் பாரசீகம் கற்ற உஸ்தாத் ஒருவர் இருந்தார். மௌலானா ரூமியின் ‘மஸ்னவி’யிலிருந்து மாலை வேளைகளில் கதை சொல்வார். அதன் முதற்கதையே ஓர் அரசன், அவன் நேசித்த அடிமைப்பெண், அவளுக்கு வந்த இனம் தெரியா நோய் ஆகியவற்றைப் பற்றியது. வந்த ஹகீம், வீட்டில் இருப்போரையெல்லாம் வெளியேற்றச் சொல்கிறார். தனிமையில் நாடியைப் பிடித்துக்கொண்டு ஊர்ப்பெயர்களைக் கேட்கிறார். சமர்கந்து என்றதும் நாடி துள்ளுகிறது. அங்கே ஒரு பொற்கொல்லன்மீது அவளுக்குக் காதல் என்பது தெரிகிறது. அந்த ஹகீம் அவளிடம், இந்த இரகசியத்தை எவரிடமும் வெளியிடாதே, அரசனே கேட்டாலும் சொல்லாதே என்று அறிவுறுத்துகிறார். பிறகு என்ன செய்கிறார்? நேரே அரசனிடம் சென்று அதில் ஒரு பகுதியைத் தாமே சொல்லி விடுகிறார். பொற்கொல்லன் வரவழைக்கப்படுகிறான், அப்பெண்ணை அவனுக்கே மணமுடித்துக் கொடுக்கிறார்கள், பின்னர் நஞ்சு கலந்த பானம் புகட்டி அவனைச் சிறிது சிறிதாக உருக்குகிறார்கள். அவன் அழகு குன்ற, அவள் காதலும் குன்றுகிறது.

ரூமி அதற்கு ஞானப் பொருள் கூறுவார்; உஸ்தாதும் விரிவாக விளக்கினார். ஆனால் பதினாறு வயதில் நாம் கேட்ட கேள்வி எளியது. அவளிடம் சொல்லாதே என்றவர் தாம் மட்டும் சொல்லலாமா? உஸ்தாத் நம்மை உற்றுப் பார்த்தார். “அது ஹகீமின் வேலையப்பா” என்றார். அந்த விடை அன்றும் நமக்குப் போதவில்லை.

படத்துக்குத் திரும்புவோம். யுங் 1906 முதல் ஃபிராய்டோடு கடிதத் தொடர்பு கொள்கிறார். அந்த ஆண்டே எழுதிய கடிதம் ஒன்றில், பெயரைக் குறிக்காமல், ஓர் உருசிய மாணவியின் நோயைப் பற்றி விவரித்துக் கருத்துக் கேட்கிறார். அது சபீனாவே. “பெயர் சொல்லாமல் இன்னொரு மருத்துவரிடம் ஆலோசிப்பது தவறன்று வாப்பா, எங்களுக்கும் அப்படித்தான் கற்பிக்கிறார்கள்” என்று மகள் இடைமறித்தாள். ஏற்றுக்கொண்டோம். 1907 மார்ச் 3ஆம் நாள் யுங் வியன்னாவுக்குச் சென்று, பெர்க்காஸ்ஸே தெருவின் 19ஆம் எண் வீட்டில் ஃபிராய்டைச் சந்தித்தார். முதற்சந்திப்பிலேயே 13 மணி நேரம் உரையாடினார்களாம். படத்தில் இதை நகைச்சுவையாகக் காட்டியிருக்கிறார்கள். ஃபிராய்டின் பிள்ளைகள் அனைவரும் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்க, யுங் பேச்சின் மும்முரத்தில் பரிமாறும் தட்டிலிருந்து தம் தட்டில் உணவை மலைபோல் குவித்துக்கொண்டே போகிறார். வீட்டுத் தலைவர் ஃபிராய்ட் (நடிப்பவர் விகோ மோர்டென்சன்) சுருட்டைப் புகைத்தவாறே பார்த்துக் கொண்டிருக்கிறார். செல்வர் வீட்டு மருமகனையும், பெருங்குடும்பத்தைத் தாங்கும் நடுத்தரக் குடும்பத்தானையும் ஒரு தட்டில் வைத்துக் காட்டியது நல்ல கலை.

1909இல் இருவரும் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். வூஸ்டர் நகரின் கிளார்க் பல்கலைக்கழகம் அவர்களை உரையாற்ற அழைத்திருந்தது. கப்பலில் ஒருவர் கனவை ஒருவர் கேட்டுப் பொருள் சொல்லி வந்தார்கள். யுங் தம் கனவைக் கூறுகிறார், ஃபிராய்ட் பொருளுரைக்கிறார். ஃபிராய்டின் கனவு என்னவென்று யுங் கேட்கும்போது, சொன்னால் தம் அதிகாரத்துக்குப் பங்கம் வரும் என்று அவர் மறுத்துவிடுகிறார். யுங் தம் முதுமையிலும் இதனை மறவாமல் நினைவுகூர்ந்தார்.

கனவைச் சொல்வதில் எச்சரிக்கை வேண்டும் என்பது நமக்கும் புதிதன்று. யூசுஃப் நபி தாம் கண்ட கனவைத் தந்தையிடம் கூறியபோது, அதை உன் சகோதரர்களிடம் சொல்லிவிடாதே என்றுதான் யஃகூப் நபி முதலில் எச்சரித்தார். ஆனால் அந்த எச்சரிக்கை மகனைக் காக்க எழுந்தது. கப்பலில் எழுந்ததோ தம் நாற்காலியைக் காக்க எழுந்த அச்சம். இந்த அச்சம் நமக்கும் தெரியும். முப்பது ஆண்டுகளாக மாணவர் முன் கிதாபை விரித்து அமர்கிறோம். ஒரு சொல்லின் பொருள் தெரியாத இடத்தில், ‘தெரியவில்லை’ என்று சொல்லாமல் பக்கத்தைப் புரட்டிய நாள்கள் நமக்கும் உண்டு.

சபீனா அதற்குள் குணமடைந்தாள். 1905 ஜூன் மாதமே மருத்துவமனையை விட்டு வெளியேறிச் சூரிக் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலத் தொடங்கினாள். நோயாளி மருத்துவ மாணவியானாள். கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஆனால் மனத்தைத் திறந்து காட்டிய பெண்ணுக்கும் அதைக் கேட்டுக்கொண்டிருந்த மணமான மருத்துவருக்கும் இடையே, இருக்கக்கூடாத உறவு வளர்ந்தது. அப்படி வளரத் தூண்டியவர் ஓட்டோ குரோஸ் என்னும் மருத்துவர் என்று படம் காட்டுகிறது. போதைப் பழக்கத்தால் தாமே நோயாளியாக வந்து சேர்ந்து, எந்த ஆசையையும் அடக்காதே என்று தம் மருத்துவருக்கே உபதேசித்த மனிதர் அவர். அவரைப் பற்றி இவ்வளவு போதும்.

நம்மைச் சுட்டது அதன்பின் நடந்தது. செய்தி பரவுகிறது. ரோஸ்தோவில் இருந்த சபீனாவின் தாய்க்குக் கடிதம் போகிறது. தாய் யுங்குக்கு எழுதுகிறார். யுங் எழுதிய பதிலை வரலாறு பாதுகாத்து வைத்திருக்கிறது. மருத்துவருக்குக் கட்டணம் செலுத்தினால் அவர் தம் எல்லையை அறிவார். தாம் கட்டணம் பெறவில்லை. மருத்துவராக மட்டுமே இருக்க வேண்டுமென்றால் ஓர் அமர்வுக்கு 10 பிராங்க் கட்டணம் என்னும் கருத்துப்பட அவர் எழுதினார்.

படித்த மனிதர் எழுதிய அந்தப் பதிலைக் கேட்டபோது நமக்கு நாணமாக இருந்தது. நம் ஊர்ப் பக்கத்தில் ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர் தம் பெண்மக்களின் நகைகளைத் துணியில் முடிந்து நம்பிக்கையான வீட்டில் அமானிதமாகக் கொடுத்துச் செல்வது முற்காலத்து வழக்கம். நம் உம்மும்மாவிடம் அப்படிப் பல முடிச்சுகள் இருந்தன. கூலி எவரும் கொடுத்ததில்லை. அம்முடிச்சுகளை அவர் அவிழ்த்துப் பார்த்ததும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று சிறுவராகிய நாம் கேட்டால், “பார்த்தாலே அமானிதம் கெட்டுப்போகும்” என்பார். எழுத்தறியாத அந்தக் கிழவியிடம் யுங் தம் பிராங்குக் கணக்கைக் காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

சபீனா சும்மா இருந்துவிடவில்லை. 1909இல் நேரே ஃபிராய்டுக்கே எழுதினாள். ஃபிராய்ட் முதலில் தம் சீடரின் பக்கமே நின்றார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அவள் யுங்கிடம் வற்புறுத்தினாள். யுங் இறுதியில் ஒப்புக்கொண்டு ஃபிராய்டுக்கு எழுதினார். ஃபிராய்டும் அந்தப் பெண்ணிடம் வருத்தம் தெரிவித்தார். மூவரில் நிமிர்ந்து நின்றவள், நான்காண்டுகளுக்கு முன் பைத்தியம் என்று பெயர் சூட்டப்பட்டிருந்தவளே.

இந்த இடத்தில் நாம் மகளிடம் சொல்லாதிருந்த ஒன்றைச் சொல்லத் தொடங்கினோம். அதை இங்கும் எழுதுகிறோம்.

1996ஆம் ஆண்டு. கடலோர ஊர் ஒன்றில் மதரஸா ஆசிரியராகப் புதிதாகச் சேர்ந்திருந்தோம். குர்ஆன் மனனம் செய்யும் பிள்ளைகளில் ஒருவனுக்கு வயது 12. நல்ல குரல், கூர்மையான நினைவாற்றல். ஆயினும் ஒரு நாள் ஊருக்குப் போய்த் திரும்பியதிலிருந்து நாவு இடறத் தொடங்கியது. ஓதிக்கொண்டே வருவான், திடீரென்று உதடு அசையும், ஒலி வராது. அதட்டினோம். ஒரு முறை பிரம்பையும் எடுத்தோம். பயனில்லை. எதிரே நிற்க வைத்து, என்ன நடந்தது என்று முகத்தைப் பார்த்துப் பலமுறை கேட்டோம். தலைகுனிந்து நின்றான், அவ்வளவே.

ஒரு மாலை, மஃரிபுக்குப் பாங்கு சொல்லச் சற்று நேரம் இருந்தது. ஹவ்ளின் கரையில் கால்களைத் தொங்கவிட்டு அவன் உட்கார்ந்திருந்தான். நாம் சென்று அவனருகில், சற்றுப் பின்தள்ளி, தண்ணீரைப் பார்த்தவாறே அமர்ந்தோம். ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்று திட்டமிட்டும் உட்காரவில்லை, களைப்பு, அவ்வளவுதான். மீன்குஞ்சுகள் மேலே வந்து வந்து போயின. அப்போது அவன் தானாகவே பேசினான். நம்மைத் திரும்பிப் பார்க்காமலே எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடித்து, “யாரிடமும் சொல்லிடாதீங்க ஹஜரத்” என்றான். சொல்ல மாட்டோம் என்றோம்.

அவன் சொன்னது என்ன என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அவன் உயிருக்கோ உடலுக்கோ தீங்கு தரும் செய்தியன்று அது என்பதை மட்டும் தெளிவுபடுத்துகிறோம். வீட்டில் அவன் காணக்கூடாத ஒன்றைக் கண்டுவிட்டான். தாங்க முடியாத வெட்கம். மறுநாளிலிருந்து அவன் நாவு இளகிற்று. மூன்றாம் நாள் ஒரு ஜுஸ்உ முழுவதையும் தடையின்றி ஓதினான். நாம் எவ்வளவு மகிழ்ந்தோம் என்றால், அந்த மகிழ்ச்சியே நம்மைக் கெடுத்தது.

வெள்ளிக்கிழமை அவன் தந்தை அல்வாப் பொட்டலத்தோடு வந்தார். மகன் நன்றாக ஓதுகிறானாமே என்று கேட்டு மகிழ்ந்தார். நமக்கு வயது இருபத்தைந்து. ஒரு பிள்ளையின் மனத்தை நாம் திறந்துவிட்டோம் என்னும் பெருமை ஒரு பக்கம். அந்த வீட்டைச் சீர்திருத்தும் கடமையும் நமக்கு உண்டு என்ற எண்ணம் மற்றொரு பக்கம். முழுவதையும் சொல்லவில்லை, ஒரு பகுதியைச் சொன்னோம். சமர்கந்து ஹகீமைப் போலவே.

அந்த மனிதர் முகம் கறுத்தது. அவர் தலையைத் திருப்பி முற்றத்தின் மறுகோடியில் நின்ற மகனைப் பார்த்தார். நாமும் பார்த்தோம். நாங்கள் இருவரும் ஒருசேரத் தன்னைப் பார்ப்பதை அந்தப் பிள்ளை பார்த்தான். எல்லாம் அந்த நொடியில் அவனுக்கு விளங்கிவிட்டது. அவன் அழவில்லை. கையில் இருந்த தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். மறு வாரம் அவனுடைய தகரப்பெட்டி மாட்டுவண்டியில் ஏறியது. ஓதுதலை அவன் எங்கும் தொடரவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டோம்.

மகள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு படத்தை ஓடவிட்டாள்.

எஞ்சிய கதை விரைந்து செல்கிறது. சபீனா 1911இல் ஆய்வேடு முடித்து மருத்துவராகிறார். (இனி ‘அவர்’ என்றே எழுதுவோம், நாமும் அதுவரை நோயாளியாகவே பார்த்திருக்கிறோம் போலும்.) அவ்வாண்டே வியன்னாவில் ஃபிராய்டின் சங்கத்தில் தம் கருத்தை வாசித்தார். ஒன்று அழிவதிலிருந்தே மற்றொன்று தோன்றுகிறது. தோற்றுவிக்கும் வேட்கைக்குள் அழிக்கும் வேட்கையும் உறைகிறது என்பது அதன் சாரம். 1912இல் அது கட்டுரையாக அச்சேறியது. ஃபிராய்ட் 1920இல் மரண வேட்கை பற்றி நூல் எழுதியபோது, சபீனா முன்பே இதில் பெரும்பகுதியைக் கூறியிருக்கிறார் என்பதை ஓர் அடிக்குறிப்பில் ஒப்புக்கொண்டார். அடிக்குறிப்பில்தான்! “உங்கள் ஃபனா, பகாவைப் போல இருக்கிறதே வாப்பா?” என்று மகள் கேட்டாள். சொற்கள் அருகருகே நிற்பதால் பொருள்கள் உறவாகிவிடா என்று சொல்லி வைத்தோம்.

1921இல் ஜெனீவாவில் அவரிடம் உளப்பகுப்பாய்வுக்கு அமர்ந்தவர்களில் ஒருவர் ழான் பியாஜே. குழந்தைகளின் அறிவு வளர்ச்சி பற்றிய அவருடைய கோட்பாட்டைக் கற்காமல் இன்று எவரும் ஆசிரியப் பயிற்சி முடிக்க இயலாது. அந்தப் பெயரை நாமும் மனப்பாடம் செய்தவரே. அவரைப் பேசச் சொல்லிக் கேட்டிருந்த பெண்மணியின் பெயரை இத்தனை வயதில், ஒரு படத்தால் அறிகிறோம்.

படம் 1913இல் ஓர் ஏரிக்கரையில் முடிகிறது. ஃபிராய்டும் யுங்கும் அதற்குள் பிரிந்துவிட்டார்கள். மணமாகிக் கருவுற்றிருக்கும் சபீனா யுங்கைக் கண்டு விடைபெறுகிறார். மைக்கேல் ஃபாஸ்பெண்டர் நடிக்கும் யுங் உடைந்த மனிதராக அமர்ந்திருக்கிறார்; ஐரோப்பா முழுவதும் இரத்த வெள்ளம் பெருகுவதாகத் தாம் கண்ட கனவைச் சொல்கிறார். பிறகு எழுத்துகள் தோன்றுகின்றன. ஃபிராய்ட் நாஜிகளிடமிருந்து தப்பி 1938இல் இலண்டன் சேர்ந்து மறு ஆண்டு இறந்தார். யுங் 1961 வரை வாழ்ந்தார். சபீனா 1923இல் தாயகம் திரும்பினார். மாஸ்கோவில் குழந்தைகளிடையே பணியாற்றிப் பின்னர்ச் சொந்த ஊரான ரோஸ்தோவுக்குச் சென்றார். அவருடைய உடன்பிறந்தார் மூவரும் ஸ்டாலினின் அடக்குமுறையில் மாண்டனர். 1942இல் ஜெர்மானியப் படை அந்நகரைப் பிடித்தபின், ஆகஸ்டில், ஸ்மியோவ்ஸ்கயா பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான யூத மக்களோடு அவரையும் அவருடைய இரு பெண்மக்களையும் கொன்றார்கள். மனத்தின் அழிவு வேட்கையைப் பற்றி ஃபிராய்டுக்கு முன்பே எழுதியவருக்கு வந்த முடிவு அது.

அவருடைய நாட்குறிப்பும் கடிதங்களும் ஜெனீவாவில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் கிடந்தன. 1977இல் அவை கண்டெடுக்கப்பட்டன. 1980இல் இத்தாலிய அறிஞர் ஆல்தோ கரோதெனூதோ அவற்றை நூலாக்கினார். பின்னர் மருத்துவமனைக் குறிப்பேடும் அச்சுக்கு வந்தது. அவை வெளிவராதிருந்தால் அந்த அம்மையாரின் பெயர் அடிக்குறிப்போடு மறைந்திருக்கும். வெளிவந்ததாலோ, திரும்பிப் பார்க்காதே என்னும் வாக்கை நம்பிப் பின்னிருந்த ஒருவரிடம் மட்டும் அவர் சொன்னதை இன்று உலகமே நாற்காலி போட்டுக் கேட்கிறது. நாமும் கேட்டோம், இதோ எழுதவும் செய்கிறோம். மேலே அவர் தந்தையைப் பற்றி ஒரு வரி எழுதினோம். அதை அடித்துவிடலாமா என்று இரண்டு முறை பேனாவை எடுத்தோம். அடித்தால் அந்த அம்மையார் ஏன் அலறினார் என்பது வாசகருக்கு விளங்காது. விட்டுவைத்திருக்கிறோம், மனம் ஒப்பி அன்று.

படம் முடிந்தபின் மகள் தன் பாடத்திலிருந்து சிலவற்றைச் சொன்னாள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி நோயாளியின் செய்தியை இரகசியமாகக் காப்பது நம் நாட்டில் மருத்துவரின் விருப்பமன்று, நோயாளியின் உரிமை. பிறருக்குத் தீங்கு நேரக்கூடும் என்பது போன்ற சில நிலைமைகளில் மட்டுமே விலக்கு உண்டு. குழந்தையொன்று கொடுமைக்கு ஆளாகிறது என்றால் வாய்மூடி இருப்பதே குற்றம் என்பதையும் அழுத்திச் சொன்னாள். அது சரியே. ஆனால் எது தீங்கு, எது வெறும் வெட்கம் என்று பிரித்தறிய, கேட்பவன் தன் பெருமையைச் சற்று ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது. நமக்கு அன்று அது கைகூடவில்லை.

அந்தப் பிள்ளையை ஒரு முறை கண்டோம். ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நிக்காஹ் விருந்தில். தாடி வைத்திருந்தார், கையில் ஒரு குழந்தை. நம்மைக் கண்டதும் குழந்தையை இறக்கி விட்டுவிட்டு ஸலாம் சொன்னார். நாம் கை கழுவச் செம்பில் நீர் வார்த்தார். உடல்நலம் விசாரித்தார். பந்தியில் நமக்கு அருகே இடம் இருந்தும், வேறு வரிசைக்குப் போய் அமர்ந்தார். மன்னிப்புக் கேட்க நாவு எழவில்லை. அன்று அவனுக்கு எழாததுபோல.

“அவர் என்ன சொன்னார் வாப்பா, அந்த ஹவ்ளுக் கரையில்?” என்று மகள் மெல்லக் கேட்டாள். நாம் பேசாதிருந்தோம். அவளும் புரிந்துகொண்டு மடிக்கணினியை மூடினாள்.

அடுத்த மாதம் அவளுக்கு ஒரு மருத்துவமனையில் பயிற்சி தொடங்குகிறது. வருவோரின் பேச்சைக் கேட்க ஒரு சிறு அறை தருவார்களாம். அந்த அறையில் நாற்காலியை எப்படிப் போடுவார்கள் என்று கேட்டோம். “இப்போதெல்லாம் பின்னால் இல்லை வாப்பா; எதிரில்தான். ஆனால் நேருக்கு நேராக இல்லாமல், கொஞ்சம் சாய்த்துப் போடச் சொல்வார்கள்” என்றாள். எவ்வளவு சாய்வு என்று கேட்டோம். எழுந்து, நம் மேசைக்கு இருபுறமும் கிடந்த இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டுக் காட்டினாள்.